வெள்ளைச் சர்க்கரை போடாத எலுமிச்சை, ஆரஞ்சு சோடா: வீட்டில் செய்ய ஒரு வழிகாட்டி

எலுமிச்சையைப் பிழிந்து, தேனை விட்டு, மேலே சோடாவை ஊற்றிக் கலக்கினால் வேலை முடிந்தது என்றுதான் முதல்முறை செய்கிறவர்கள் நினைப்பார்கள். கிடைப்பதோ கேஸ் பாதி இறங்கிப்போய், தேன் அடியில் தங்கி, மூக்குக்கு எந்த வாசனையும் எட்டாத புளிப்புத் தண்ணீர். தேன் குளிர்ந்த நீரில் சட்டென்று கரையாது. அதைக் கரைக்கக் கரண்டியைச் சுழற்றச் சுழற்ற கேஸ் வெளியேறிவிடும். எலுமிச்சையின் வாசனை சாற்றில் இல்லை, தோலில் இருக்கிறது. அந்தத் தோலை அதற்குள் குப்பைக்கூடையில் போட்டிருப்போம்.

அதனால் செய்யும் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் தோலும் தேனும் சேர்ந்த பாகு, பிறகு சாறு, பிறகு நன்றாகக் குளிரவைப்பது, கடைசியில்தான் கேஸ். கேஸுக்கு இரண்டு வழி உண்டு. ஏற்கெனவே கேஸ் ஏற்றிய தண்ணீரில் பாகைக் கலப்பது ஒன்று. ஈஸ்ட் போட்டு பாட்டிலுக்குள்ளேயே கேஸ் உண்டாக்குவது இன்னொன்று. முதல் வழியில் நாலைந்து தடவை செய்து, புளிப்பும் இனிப்பும் கைக்குப் பழகிய பிறகு ஈஸ்டைத் தொடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளப் போனால், சோடா சரியாக வராதபோது தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது.

சாமான்கள் அதிகம் தேவையில்லை. கிராம் காட்டும் சமையலறைத் தராசு, மி.லி. கோடு போட்ட குவளை, காய்கறித் தோல் சீவி, நுண்ணிய கண்ணுள்ள வடிகட்டி, ஒரு மெல்லிய பருத்தித் துணி, புனல். தராசை மட்டும் தவிர்க்காதீர்கள். தேனைக் கரண்டியால் அளந்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு வரும், பாதி கரண்டியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

வாசனை தோலில், புளிப்பு சாற்றில்

எலுமிச்சைத் தோலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மடக்கிப் பாருங்கள். புகை மாதிரி நுண்ணிய தூறல் தெறிக்கும். அதுதான் எண்ணெய். மெழுகுவர்த்திச் சுடருக்குப் பக்கத்தில் மடக்கினால் அந்தத் தூறல் பொறியாகப் பற்றி எரியும். குடிக்கும்போது 'இது எலுமிச்சை', 'இது ஆரஞ்சு' என்று மூக்கு அடையாளம் காண்பது பெரும்பாலும் இந்த எண்ணெயை வைத்துத்தான். அது தோலின் வண்ணமான மேல்படலத்தில் மட்டும் இருக்கிறது. அதற்கு அடியில் உள்ள வெள்ளைச் சதையில் கசப்புதான் உண்டு. ஆகவே தோல் சீவியை அழுத்தாமல் ஓட்டுங்கள். சீவிய தோலின் உட்புறம் வெள்ளையாகத் தெரிந்தால் கத்தியைப் படுக்கவைத்து அதைச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

கடையில் பளபளவென்று இருக்கும் பழங்களுக்கு மெழுகு பூசியிருப்பார்கள். வெதுவெதுப்பான நீரில் ஒரு நிமிடம் வைத்து, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவித் துடைத்த பிறகு தோலைச் சீவுங்கள். பழத்தைப் பிழிவதற்கு முன்பே சீவிவிட வேண்டும். பிழிந்த மூடியிலிருந்து தோல் சீவுவது விரலைச் சீவிக்கொள்ளும் வேலை.

சாற்றின் பங்கு வேறு. எலுமிச்சைச் சாற்றில் அமிலம் சுமார் 5 முதல் 6 சதவீதம். ஆரஞ்சில் 1 சதவீதத்தை ஒட்டித்தான். ஆரஞ்சுச் சாற்றை மட்டும் வைத்து சோடா செய்தால் மந்தமாக, தண்ணீர் கலந்த ஜூஸ் மாதிரி இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆரஞ்சு சோடாவின் முதுகெலும்பும் எலுமிச்சைதான். ஆரஞ்சு வாசனை தோலிலிருந்து வரும், புளிப்பை எலுமிச்சையிடம் கடன் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கசப்பு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சில ஆரஞ்சு வகைகளிலும் சாத்துக்குடியிலும் பிழிந்த உடனே இனிப்பாக இருக்கும் சாறு, சில மணி நேரத்தில் கசக்கத் தொடங்கும். பழத்துக்குள் கசக்காத வடிவில் இருக்கும் ஒரு பொருள், சாற்றின் அமிலத்தோடு சேர்ந்ததும் லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுவதே காரணம். சூடாக்கினால் இன்னும் வேகமாக மாறும். ஆகவே சாற்றைக் கொதிக்கவைக்கவே கூடாது, இந்தப் பழங்களின் சாற்றை முந்தின நாளே பிழிந்து வைக்கவும் கூடாது. கொட்டையை நசுக்கினாலும், மூடியை வெள்ளைத்தோல் கிழியும்வரை திருகிப் பிழிந்தாலும் இதே கசப்பு இறங்கும்.

எந்த இனிப்பு?

முதல்முறைக்குத் தேன் போதும். வெளிர்நிறத் தேனாகப் பாருங்கள். கருந்தேனின் வாசனை எலுமிச்சையை விழுங்கிவிடும். தேனில் சுமார் 80 சதவீதம் சர்க்கரை, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அந்தச் சர்க்கரையில் ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை அதிகம். ஃப்ரக்டோஸுக்கு ஒரு குணம் உண்டு: குளிரக் குளிர அதன் இனிப்பு நாக்குக்குக் கூடுதலாகத் தெரியும். அதனால் குளிர்பானத்துக்குத் தேன் நன்றாகப் பொருந்துகிறது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கொடுக்கக் கூடாது.

வெல்லம் போடலாம், ஆனால் முதலில் தண்ணீரில் கரைத்து ஒரு கொதி விட்டுத் துணியில் வடிகட்ட வேண்டும். அடியில் மண்ணும் சக்கையும் தங்குவதைப் பார்ப்பீர்கள். நிறம் பழுப்பாகிவிடும், வாசனையும் தனியாக நிற்கும். எலுமிச்சையைவிட ஆரஞ்சோடு அது ஒத்துப்போகிறது. பேரீச்சம்பழத்தை அரைத்துப் போடுவதைத் தவிர்க்கவும். அதன் சக்கை எவ்வளவு வடிகட்டினாலும் மிச்சம் இருந்து, சோடா ஊற்றியதும் நுரையைக் கிளப்பும். பேரீச்சைப் பாகாகக் கிடைத்தால் சரி.

பழத்தைக் கொண்டே இனிப்பாக்க வேண்டுமானால் 1 லிட்டர் ஆப்பிள் சாற்றை அகலமான பாத்திரத்தில் மெல்லிய தீயில் வைத்து 250 மி.லி. ஆகும்வரை சுண்டவிடுங்கள். அதில் ஏறக்குறைய 100 கிராம் சர்க்கரை இருக்கும், 1 லிட்டர் சோடாவுக்கு அது தாராளம். ஸ்டீவியா, அதாவது சீனித்துளசி இலையிலிருந்து எடுக்கும் இனிப்பு, சர்க்கரையைப்போல 200 முதல் 300 மடங்கு இனிப்பு. தனியாகப் போட்டால் நாக்கின் பின்புறம் ஒரு கசப்பு தங்கும். பாதி தேன், பாதி ஸ்டீவியா என்று கலந்தால் அது அவ்வளவாகத் தெரியாது.

'இயற்கை இனிப்பு' என்பதால் எவ்வளவும் குடிக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், தேனிலும் பழச்சாற்றிலும் உள்ள சர்க்கரையையும் சேர்க்கப்பட்ட சர்க்கரையின் கணக்கிலேயே வைக்கிறது. நாளுக்கு சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. கீழே சொல்லும் எலுமிச்சை சோடாவில் 250 மி.லி. டம்ளருக்கு 20 கிராம் வரும். வீட்டில் செய்வதில் உள்ள லாபம், அந்தக் கணக்கு நம் கையில் இருப்பது. தேனை 100 கிராமிலிருந்து 70-க்கு இறக்கினால் சாற்றையும் 70 மி.லி.யிலிருந்து 50-க்கு இறக்குங்கள். இனிப்பை மட்டும் குறைத்தால் வாய் கூசும்.

அளவுகள்

எல்லாமே 1 லிட்டர் சோடாவுக்கு.

எலுமிச்சை: சாறு 70 மி.லி., 2 பழத்தின் தோல், தேன் 100 கிராம், வெந்நீர் 60 மி.லி., இரு விரலால் எடுத்த சிட்டிகை உப்பு. பெரிய பழம் ஒன்றில் 40 மி.லி. வரை சாறு கிடைக்கும், சின்னப் பழமானால் 15 முதல் 20 தான். அதனால் பழத்தை எண்ணாமல் சாற்றை அளந்துகொள்ளுங்கள்.

ஆரஞ்சு: ஆரஞ்சுச் சாறு 120 மி.லி., எலுமிச்சைச் சாறு 40 மி.லி., 2 ஆரஞ்சின் தோல், தேன் 80 கிராம், வெந்நீர் 20 மி.லி., உப்பு.

சாத்துக்குடி: சாறு 150 மி.லி., எலுமிச்சைச் சாறு 45 மி.லி., தேன் 75 கிராம், வெந்நீர் 20 மி.லி. இதற்கு சாத்துக்குடித் தோல் வேண்டாம், ஒரு எலுமிச்சையின் தோலே நல்ல வாசனை தரும்.

கிரேப்ஃப்ரூட்: சாறு 150 மி.லி., எலுமிச்சைச் சாறு 20 மி.லி., அரைப் பழத்தின் தோல், தேன் 90 கிராம், வெந்நீர் 20 மி.லி. கொழுப்புக்கான சில மாத்திரைகள் உட்பட பல மருந்துகளோடு கிரேப்ஃப்ரூட் ஒத்துப்போகாது. தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.

உப்பு எதற்கு என்று கேட்பார்கள். அது உப்புக் கரிக்கும் அளவுக்கு அல்ல. கசப்பை அமுக்கி, பழச்சுவையை முன்னால் கொண்டுவரும். போட்டதும் போடாததுமாக இரண்டு டம்ளர் வைத்துக் குடித்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

பாகு

1. சீவிய தோலை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, தேனை அதன்மேல் எடை போட்டு ஊற்றுங்கள். மரக்கரண்டியின் அடிப்பக்கத்தால் இரண்டு நிமிடம் தோலை நசுக்குங்கள். கிண்ணத்தைக் குனிந்து முகர்ந்தால் வாசனை தேனுக்குள் ஏறிவிட்டது தெரியும்.

2. கொதித்து ஐந்து நிமிடம் ஆறிய வெந்நீரை அளந்து ஊற்றிக் கலக்குங்கள். தேன் முழுக்கக் கரைய வேண்டும். தட்டால் மூடி 30 நிமிடம் விடுங்கள். திறந்து வைத்தால் வாசனை அறைக்குப் போய்விடும், சோடாவுக்கு வராது. இரவு முழுக்க ஊறவைப்பது கூடுதல் வாசனைக்கு என்று தோன்றும், ஆனால் கசப்புதான் கூடும்.

3. பாகு கைச்சூட்டுக்கு வந்ததும் புதிதாகப் பிழிந்த சாற்றையும் உப்பையும் சேர்த்து, முதலில் வடிகட்டியிலும் பிறகு நனைத்துப் பிழிந்த துணியிலும் வடிகட்டுங்கள். துணியைக் கசக்கிப் பிழிய வேண்டாம், தானாக வடியட்டும்.

4. ஃப்ரிட்ஜில் குறைந்தது 3 மணி நேரம்.

இரண்டாம் முறை வடிகட்டுவது அழகுக்காக அல்ல. சக்கைத் துணுக்கு ஒவ்வொன்றும் கேஸ் குமிழியாகக் கிளம்புவதற்கு ஒரு மேடை. சக்கை அதிகமிருந்தால் ஊற்றிய கணமே நுரை பொங்கி, டம்ளரில் கேஸ் இல்லாத ஜூஸ் மிஞ்சும்.

பாகைத் தனியாக நக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். திகட்டும் இனிப்பாகவும் பல் கூசும் புளிப்பாகவும்தான் இருக்கும். ஒரு கரண்டி பாகில் நான்கு கரண்டி குளிர்ந்த சோடா ஊற்றிச் சுவையுங்கள். கேஸுக்கே ஒரு சிறு புளிப்பு உண்டு, குளிரும் சுவையை மாற்றும். திருத்தம் எதுவானாலும் அந்த நிலையில்தான் சரியாக வரும்.

முதல் வழி: கேஸ் ஏற்றிய தண்ணீர்

ஒரே அழுத்தத்தில், 20 டிகிரி நீர் பிடித்துவைக்கும் கேஸைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கை 0 டிகிரி நீர் பிடித்துவைக்கும். வீட்டு சோடாவில் கேஸ் நிற்பதும் போவதும் இந்த ஒரு கணக்கில்தான் இருக்கிறது. சோடாத் தண்ணீர், பாகு, பாட்டில், டம்ளர் நான்குமே ஃப்ரிட்ஜிலிருந்து வர வேண்டும். பாகு மட்டும் அறைச்சூட்டில் இருந்தாலும் கேஸ் கொஞ்சம் போய்விடும்.

கடையில் சோடாத் தண்ணீர் வாங்குவதானால் லேபிளைப் பாருங்கள். சோடியம் பைகார்பனேட் (சமையல் சோடா) சேர்த்தது என்று இருந்தால் அது உங்கள் எலுமிச்சையின் புளிப்பில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். வெறும் தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடும் மட்டும் உள்ளது சிறந்தது. வீட்டில் சோடா மிஷின் இருந்தால் வெறும் தண்ணீருக்கு மட்டும் கேஸ் ஏற்றுங்கள். சாறு கலந்ததில் ஏற்றினால் நுரை குழாய்க்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும், சுற்றிலும் தெறிக்கும். பாகு கலந்ததும் கேஸ் ஐந்தில் ஒரு பங்கு நீர்த்துப்போகும். அதனால் வழக்கமாகக் குடிப்பதைவிட ஓர் அழுத்து கூடுதலாக, மிஷினின் வரம்புக்குள், ஏற்றிக்கொள்ளலாம். சின்ன உலோகக் குப்பியிலிருந்து கேஸ் ஏற்றும் சைஃபன் பாட்டில் வைத்திருப்பவர்கள் 1 லிட்டருக்கு 8 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி ஒன்று போட வேண்டும். கிரீம் அடிக்கும் குப்பியும் பார்க்க அதே மாதிரி இருக்கும். அதில் இருப்பது நைட்ரஸ் ஆக்சைடு, சோடா ஆகாது.

டம்ளரில் கலப்பது எளிது. 50 மி.லி. பாகு, பிறகு டம்ளரைச் சாய்த்துப் பிடித்து உள்சுவர் வழியாக 200 மி.லி. சோடா. நீளக் கரண்டியை அடிவரை விட்டு ஒரே ஒரு முறை மேலே தூக்குங்கள், சுழற்ற வேண்டாம். ஐஸ் போடுவதானால் தண்ணீரில் ஒரு தடவை அலசிப் போடுங்கள். ஃப்ரீசரிலிருந்து நேராக எடுத்த ஐஸின் சொரசொரப்பான பரப்பு கேஸைக் கிளப்பிவிடும்.

மொத்தமாக 1 லிட்டர் செய்ய, குளிர்ந்த பாட்டிலில் முதலில் பாகு முழுவதையும் விட்டு, பாட்டிலைச் சாய்த்து சோடாவை மெல்ல ஊற்றி, மூடியை இறுக்கி, ஒரு தடவை தலைகீழாகத் திருப்பி நிமிர்த்துங்கள். குலுக்காதீர்கள். அரை மணி ஃப்ரிட்ஜில் இருந்தால் கலக்கும்போது கிளம்பிய கேஸில் ஒரு பகுதி திரும்பவும் நீரில் இறங்கும்.

மிஷினும் வேண்டாம், ஈஸ்டும் வேண்டாம், சமையல் சோடாவையும் எலுமிச்சையையும் சேர்த்தால் பொங்குகிறதே என்று ஒரு குறுக்குவழி சுற்றிக்கொண்டிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல சோடா 1 லிட்டரில் சுமார் 6 கிராம் கேஸ் வேண்டும். அதற்கு 11 கிராமுக்கு மேல் சமையல் சோடாவும் அதைச் சரிக்கட்ட ஏறக்குறைய 150 மி.லி. எலுமிச்சைச் சாறும் தேவை. அந்தப் புளிப்பு முழுவதும் கேஸ் உண்டாக்குவதிலேயே தீர்ந்துபோகும். தண்ணீரில் மிஞ்சுவது 3 கிராம் சோடியம். பெரியவர்களுக்கு நாள் முழுவதற்கும் 2 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. மேலும், திறந்த டம்ளரில் பொங்கும் கேஸ் காற்றோடு போகும், நீரில் தங்காது.

இரண்டாம் வழி: ஈஸ்ட்

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கேஸையும் சிறிதளவு ஆல்கஹாலையும் வெளியிடும். மூடிய பாட்டிலில் கேஸுக்குப் போக இடமில்லாததால் நீரில் கரைகிறது. இப்படிச் செய்த சோடா மிஷின் சோடாவைவிட நாக்கில் மென்மையாக இருப்பதாகப் பலருக்குத் தோன்றும். ஆபத்தும் இந்த வழியில்தான் இருக்கிறது.

1 லிட்டர் நீரில் 1 லிட்டர் கேஸ் கரைய சுமார் 4 கிராம் சர்க்கரை போதும். நாக்கில் சுரீரென்று ஏறும் சோடாவுக்கு அதைப்போல 3 மடங்கு கேஸ் வேண்டும், அதாவது 12 கிராம் சர்க்கரை. ஆனால் பாட்டிலில் நாம் போட்டிருப்பது 75, 80 கிராம். 12 கிராமோடு நிறுத்திக்கொள்ள ஈஸ்டுக்குத் தெரியாது. வெளியே விட்டால் தின்றுகொண்டே போகும், அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், எந்தப் பாட்டிலும் ஒரு கட்டத்தில் வெடிக்கும். ஃப்ரிட்ஜ் ஒன்றுதான் பிரேக். அதுவும் நிறுத்தாது, வேகத்தை மிகவும் குறைக்கும், அவ்வளவுதான்.

அதனால் கண்ணாடி பாட்டில் வேண்டாம். கெட்டியான மூடி போட்ட அழகுப் பாட்டில்கள், சதுரப் பாட்டில்கள், ஜாம் பாட்டில்கள் எதுவும் இந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. வெடித்தால் கண்ணாடிச் சில்லு கண்ணுக்கும் கழுத்துக்கும் பாயும். ஏற்கெனவே சோடாவோ கோலாவோ வந்த 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை எடுங்கள். தண்ணீர் பாட்டில் மெல்லியது, அது ஆகாது. பிளாஸ்டிக்கில் இன்னொரு வசதி, உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று விரலால் அமுக்கியே தெரிந்துகொள்ளலாம்.

ஈஸ்ட் எது? ஷாம்பெயின் ஈஸ்ட் கிடைத்தால் அதுவே நல்லது. வாசனை குறைவு, அடியில் கெட்டியாகப் படியும். ரொட்டி ஈஸ்டும் வேலை செய்யும், ஆனால் லேசாக ரொட்டி வாசனை அடிக்கும், அடிப்படிவு சீக்கிரம் கலங்கும்.

2 லிட்டர் பாட்டிலுக்கு, மேலே சொன்ன முறையில் தேன் 180 கிராம், எலுமிச்சைச் சாறு 130 மி.லி., 3 பழத்தின் தோல், வெந்நீர் 150 மி.லி. கொண்டு பாகு செய்து அறைச்சூட்டுக்கு ஆறவிடுங்கள். லிட்டருக்கு 70 மி.லி.க்கு மேல் எலுமிச்சை வேண்டாம், அதிகப் புளிப்பில் ஈஸ்ட் தயங்கும். இன்னும் புளிப்பு வேண்டுமானால் குடிக்கும்போது டம்ளரில் பிழிந்துகொள்ளலாம்.

பாட்டிலையும் மூடியையும் பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவி, வழுவழுப்பு போகும்வரை அலசி, கை பொறுக்கும் சூட்டு நீரால் கடைசி அலசல் அலசுங்கள். கொதிநீர் ஊற்றினால் பாட்டில் சுருங்கிக் கோணிவிடும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை அடித்தால் கொதிக்கவைத்து ஆறவைத்துப் பயன்படுத்துங்கள்.

35 முதல் 38 டிகிரி நீர், அதாவது மணிக்கட்டில் விட்டால் சூடும் குளிரும் தெரியாத நீர், 50 மி.லி. எடுத்து ஒரு துளி தேன் கலந்து, 1/8 டீஸ்பூன் ஈஸ்டைத் தூவி 15 நிமிடம் விடுங்கள். மேலே பழுப்பு நுரை கட்டினால் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. ஒன்றும் நடக்காவிட்டால் அந்த ஈஸ்டைக் கொட்டிவிட்டு வேறு பாக்கெட் எடுங்கள், நம்பிக்கையின் பேரில் பாட்டிலில் ஊற்ற வேண்டாம். ஒரு டீஸ்பூன் போட்டால் சீக்கிரம் ஆகுமே என்று தோன்றும். ஆகும். கூடவே மாவு வாசனையும், சரியான நேரத்தில் ஃப்ரிட்ஜில் வைக்கத் தவறும் வாய்ப்பும் சேர்ந்துவரும்.

பாட்டிலில் பாகு, அறைச்சூட்டு நீர், கடைசியில் ஈஸ்ட் கரைசல். கழுத்துக்குக் கீழே 4, 5 செ.மீ. காலியாக இருக்கட்டும். மூடியை இறுக்கி இரண்டு முறை தலைகீழாகத் திருப்பிக் கலக்குங்கள். வெயில் படாத இடத்தில், மூடியுள்ள வாளிக்குள் நிறுத்திவையுங்கள். ஒழுகினாலும் வெடித்தாலும் வாளியோடு போகட்டும்.

6 மணி நேரத்துக்கு ஒரு தடவை பாட்டிலின் வயிற்றை அமுக்கிப் பாருங்கள். முதலில் வழக்கம்போல் குழையும். பிறகு டென்னிஸ் பந்து மாதிரி எதிர்த்து நிற்கும். கடையில் புதிதாக வாங்கிய, திறக்காத சோடா பாட்டில் எப்படிக் கல் மாதிரி இருக்குமோ அந்த நிலை வந்ததும் அந்த நிமிடமே ஃப்ரிட்ஜ். 25 முதல் 30 டிகிரி அறையில் பொதுவாக 24 முதல் 48 மணி நேரம் ஆகும். அதைவிடச் சூடான நாளில் 12 மணி நேரத்திலேயே ஆகிவிடலாம், அதனால் கடிகாரத்தை நம்பாமல் விரலை நம்புங்கள். ஊருக்குப் போகும் நாளுக்கு முன்தினம் இதைத் தொடங்க வேண்டாம். கழுவிய உலர்திராட்சை இரண்டைப் பாட்டிலில் போட்டுவைப்பதும் உதவும். கேஸ் சேரச் சேர குமிழிகள் அவற்றில் ஒட்டி மேலே தூக்கும்.

ஃப்ரிட்ஜில் முழுதாக 24 மணி நேரம் இருந்த பிறகே திறக்க வேண்டும். கேஸ் நீரில் இறங்கவும், ஈஸ்ட் அடியில் படியவும் அந்த நேரம் வேண்டும். திறப்பது பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே, மூடியைக் கால் சுற்று திருகி, சீறல் அடங்கக் காத்திருந்து, மறுபடி கால் சுற்று. ஊற்றும்போது கடைசி இரண்டு விரற்கடை படிவைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.

இதில் ஆல்கஹால் எவ்வளவு? சொன்ன நேரத்தில் ஃப்ரிட்ஜில் வைத்தால் சுமார் 0.5 முதல் 0.8 சதவீதம். வெளியே விடவிட ஏறும். மதத்துக்காகவோ உடல்நிலைக்காகவோ ஆல்கஹாலை முற்றிலும் தவிர்க்கிறவர்களுக்கும் குழந்தைகளுக்கும் முதல் வழியே சரி.

வெடிக்கும் பயமே இல்லாமல் ஈஸ்ட் சோடா செய்ய ஒரு தந்திரம் உண்டு. ஸ்டீவியாவை ஈஸ்ட் தின்னாது. லிட்டருக்கு 12 கிராம் தேன் மட்டும் போட்டு, மீதி இனிப்பு முழுவதையும் ஸ்டீவியாவால் கொடுத்தால், அந்தத் தேன் தீர்ந்ததும் ஈஸ்ட் பட்டினியாகி நின்றுவிடும். கேஸ் அளவாக அமையும். ஆனால் இது எலுமிச்சைக்கு மட்டும் பொருந்தும். 100 மி.லி. ஆரஞ்சுச் சாற்றிலேயே 8 முதல் 10 கிராம் சர்க்கரை இருப்பதால் ஆரஞ்சில் அந்தக் கணக்கு உடைந்துவிடும்.

சரியாக வரவில்லையென்றால்

இரண்டு நாளாகியும் பாட்டில் குழைகிறது என்றால் முதலில் மூடியைச் சந்தேகியுங்கள். பாட்டிலை நிமிர்ந்தபடியே மூடி மூழ்கும்வரை தண்ணீரில் அமிழ்த்தி அழுத்தினால் குமிழி வருகிறதா என்று தெரியும். மூடி சரியென்றால், ஈஸ்டைச் சூட்டு நீரில் போட்டுக் கொன்றிருக்கலாம், அல்லது பாட்டிலில் அடைத்து விற்கும் சாற்றைப் பயன்படுத்தியிருக்கலாம். அதில் சேர்க்கும் சோர்பேட், பென்சோயேட் போன்றவை ஈஸ்டை வளரவிடாமல் செய்வதற்கென்றே போடப்படுபவை. இடம் 18 டிகிரிக்குக் கீழே இருந்தால் வெறுமனே இன்னும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும்.

அழுகிய முட்டை வாசனை லேசாக வந்தால் ஈஸ்ட் சத்துப் போதாமல் திணறியிருக்கிறது. தேனில் சர்க்கரை உண்டே தவிர ஈஸ்டுக்கான மற்ற ஊட்டம் குறைவு. ஃப்ரிட்ஜில் இருந்தபின் திறந்து ஜாடியில் ஊற்றினால் பெரும்பாலும் அந்த வாசனை பறந்துவிடும். அடுத்த முறை தேனில் பாதிக்குப் பதிலாகச் சுண்டவைத்த ஆப்பிள் சாற்றைப் போட்டுப் பாருங்கள். பூஞ்சை படர்ந்திருந்தாலோ, கூழ் மாதிரி இழுபட்டாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

திறந்ததும் பாதி பாட்டில் பொங்கி வழிந்தால், கேஸ் அதிகமாகிவிட்டது, அல்லது குளிர்ச்சி போதவில்லை, அல்லது சக்கை மிஞ்சியிருக்கிறது. இன்னொரு பாட்டில் அதே தொகுப்பில் இருந்தால் உடனே ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் மூடியை மயிரிழை திருகி அழுத்தத்தை இறக்கி மறுபடி மூடுங்கள்.

பாட்டிலின் கழுத்தில் வெள்ளை அல்லது மஞ்சள் வளையம் கட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். அது தோலின் எண்ணெய், நீரோடு சேராமல் மேலே மிதந்திருக்கிறது. மெல்லத் தலைகீழாகத் திருப்பி நிமிர்த்திவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் போதும். வளையம் பஞ்சுபோல் முளைவிட்டிருந்தால் மட்டும் அது எண்ணெயல்ல, பூஞ்சை.

எத்தனை நாள் வைக்கலாம்

எலுமிச்சைச் சாறு கலந்த பாகு ஃப்ரிட்ஜில் 5, 6 நாள் கெடாது. ஆனால் இரண்டாம் நாளுக்குப் பிறகு எலுமிச்சையின் புதுவாசனை மங்கிவிடும். அடிக்கடி குடிக்கிற வீடென்றால் தோலும் தேனும் சேர்ந்த பாகை மட்டும் செய்து வடிகட்டி வைத்துக்கொண்டு, சாற்றை அன்றன்றைக்குப் பிழிந்து கலப்பது மேல். எலுமிச்சை மலிந்து கிடக்கும் பருவத்தில் சாறு கலந்த பாகை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் இரண்டு மூன்று மாதம் வரும். உறைந்த கட்டியை அப்படியே சோடாவில் போட்டால் பொங்கிவிடும், முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி உருகவிடுங்கள்.

ஈஸ்ட் சோடாவை ஒரு வாரத்துக்குள் குடித்துவிட வேண்டும். ஃப்ரிட்ஜிலும் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்துகொண்டேதான் இருக்கும், மூன்றாம் நாளிலிருந்து தினமும் ஒரு தடவை பாட்டிலை அமுக்கிப் பாருங்கள். மின்சாரம் வெகுநேரம் போய்விட்டால், முதலில் திறந்து அழுத்தத்தை இறக்க வேண்டியது இந்தப் பாட்டிலைத்தான்.